காற்றாலையும் ஊர்ப் பங்கும்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் பந்தலில் உட்கார்ந்தாலும், ஃபீனிக்ஸில் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும், பேச்சு கடைசியில் கரண்டில் வந்து நிற்கிறது. முன்பு லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு), இப்போது பில். மின்துறையில் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்துவிட்டால் இலையில் சோறு ஆறும்வரை விடமாட்டார்கள். காற்றாலைகளைப் பற்றியும், அவற்றில் பக்கத்து ஊர் மக்களுக்குப் பங்கு உண்டு என்ற பேச்சைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் தோரணையிலேயே விட்டிருக்கிறேன். காற்றாலை நிறுவனம் எதிலும் எனக்குப் பங்கோ சம்பளமோ கிடையாது.

டர்பனில் ஏன் ஒரு பெரிய காற்றாலைகூட இல்லை? கடற்காற்று நமக்கும்தானே அடிக்கிறது?

அடிக்கிறது, ஆனால் போதாது. காற்றில் இருக்கும் ஆற்றலைக் கணக்கிட வேகம் × வேகம் × வேகம் என்று பெருக்க வேண்டும். வினாடிக்கு 6 மீட்டர் அடிக்கும் காற்று 8 மீட்டர் ஆனால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆற்றலோ இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதனால் "நல்ல காற்று" உள்ள இடத்துக்கும் "சுமாரான காற்று" உள்ள இடத்துக்கும் லாபத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தென்கடலிலிருந்து குளிர்காலத்தில் ஏறிவரும் குளிர்காற்று அலைகள் முதலில் மோதுவது மேற்கு, கிழக்கு கேப் கரைகளில். கோடையில் கேப் டவுன் பக்கம் தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். உள்ளே கரூ என்ற வறண்ட மேட்டின் விளிம்பிலும் தடையில்லாத காற்று. நம் பக்கமோ மேடும் பள்ளமும் கரும்புத் தோட்டமும் வீடுகளும்.

முப்பந்தல் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றைப் புனல் போலக் குறுக்கி வீசுவதால்தான் அங்கே ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கிறது. ஐப்பசி வந்தால் அதே விசிறிகள் சோம்பிக் கிடக்கும். கேப் பகுதிகளில் அப்படி ஒரே பருவத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. டிராக்கன்ஸ்பெர்க் மலையில் 1,000 மெகாவாட், லேடிஸ்மித்துக்கு மேலே இங்குலாவில் 1,332 மெகாவாட் என இரண்டு நீரேற்று நிலையங்கள் அரசு மின் நிறுவனமான எஸ்கோமுக்கு உள்ளன. கரண்டு மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, மாலையில் எல்லாரும் அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தில் இறக்கிவிடுவார்கள். காற்று தாறுமாறாக வரும் நாட்டில் அந்த அணைகள் மதிப்பு மிக்கவை.

ஒரு பெரிய காற்றாலை என்றால் எவ்வளவு பெரிது?

தொடக்கம் சிறியதுதான். 2002-ல் கேப் டவுனுக்கு வடக்கே கிளிப்ஹூவலில் எஸ்கோம் சோதனைக்காக மூன்று விசிறிகளை நட்டது. 2008-ல் டார்லிங்கில் நான்கு விசிறிகள், மொத்தம் 5.2 மெகாவாட். இன்று கிழக்கு கேப்பில் ஜெஃப்ரீஸ் பே காற்றாலை மட்டும் 60 விசிறிகள், 138 மெகாவாட், 2014-லிருந்து ஓடுகிறது. குக்ஹவுஸ் 138.6. வடக்கு கேப்பில் லோரிஸ்ஃபோன்டெய்ன், கோபாப் என்று அடுத்தடுத்து இரண்டு, இரண்டும் சுமார் 140. இப்படி எல்லாம் 140-ஐ ஒட்டி நிற்பதைப் பார்த்துத் தற்செயல் என்று நினைக்க வேண்டாம்: அரசின் ஏலத்தில் ஒரு காற்றாலைக்கு உச்சவரம்பு 140 மெகாவாட் என்று வைத்திருந்தார்கள், எல்லாரும் வரம்பை முட்டி நின்றார்கள்.

ஜெஃப்ரீஸ் பே விசிறி ஒன்றின் கோபுரம் 80 மீட்டர். ஒவ்வொரு இறக்கையும் 49 மீட்டர். அடியில் கப்பல் கதவு போல ஒரு இரும்புக் கதவு. சில படிகள் ஏறி உள்ளே போனால் மின்பெட்டிகள், செங்குத்தான ஏணி, இடுப்பு வாரை மாட்டிக்கொள்ள ஒரு கம்பி. வெளியே நின்றால் காதில் விழுவது இறக்கை கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு "வுஷ்". இடையிடையே மேலே மோட்டார் முனகும். காற்றுத் திசை மாறியதும் தலை மொத்தமும் திரும்புகிற ஓசை அது. காற்று வினாடிக்கு மூன்று நான்கு மீட்டர் ஆனதும் ஓடத் தொடங்கும். 25 மீட்டரைத் தாண்டினால் இறக்கையை ஒருக்களித்துத் தானே நின்றுவிடும். புயலில்தான் நிறைய கரண்டு வரும் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஏமாற்றம்.

இந்த அளவுள்ள காற்றாலை தன் முழுத் திறனில் 35 சதவீதம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 42 கோடி யூனிட் வரும். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

"ஊருக்குப் பங்கு உண்டு" என்கிறார்களே, நிஜமா? யாருடைய தர்மம் அது?

தர்மம் ஒன்றும் இல்லை, ஏல நிபந்தனை. 2011-ல் அரசு தனியாரிடமிருந்து காற்று, சூரிய மின்சாரம் வாங்க ஏலம் தொடங்கியது. வென்றவரிடமிருந்து எஸ்கோம் 20 வருடம் வாங்கும். வெல்வதற்கு விலை மட்டும் போதாது. முதல் நான்கு ஏலங்களில் மதிப்பெண்ணில் 70 குறைந்த விலைக்கு, 30 நாட்டு மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு. அந்த முப்பதுக்குள்தான் ஊர்ப் பங்கு வந்தது. காற்றாலையைச் சுற்றி 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வாழும் மக்களுக்குக் குறைந்தது 2.5 சதவீத உரிமை தர வேண்டும். 5 சதவீதம் என்பது இலக்கு. இது பங்கு. இது போக, வருமானத்தில் குறைந்தது 1 சதவீதத்தை, இலக்காக 1.5 சதவீதத்தை, சமூக மேம்பாட்டுக்குச் செலவிட வேண்டும். இது செலவு.

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி மனத்தாங்கல் பிறக்கிறது. முதலாவது உரிமை: லாபம் வந்தால் பங்கு. இரண்டாவது, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் விற்ற கரண்டின் வருமானத்திலிருந்து எடுத்து வைப்பது.

பல காற்றாலைகளில் ஊர்ப் பங்கு அந்தக் குறைந்தபட்சத்தைவிட நிறையவே அதிகம். அந்தப் பங்கை ஊர்க்காரர் ஆளுக்கு ஒரு தாளாகக் கையில் வைத்திருப்பதில்லை. ஊர் பெயரில் ஒரு டிரஸ்ட் இருக்கும், பங்கு அதன் பெயரில் இருக்கும்.

அப்படியானால் அந்த ஊர்களில் பணம் கொட்ட வேண்டுமே? ஜெஃப்ரீஸ் பேக்குப் பக்கத்து ஹியூமன்ஸ்டார்ப் வரை போனேன், ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லையே?

பங்கு வாங்கப் பணம் வேண்டும். ஊரிடம் பணம் இல்லை. அதனால் டிரஸ்ட் கடன் வாங்கித்தான் பங்கு வாங்கியிருக்கிறது, பெரும்பாலும் தென்னாப்பிரிக்க வளர்ச்சி வங்கியிடமோ தொழில் வளர்ச்சிக் கழகத்திடமோ. லாப ஈவு வரும்போது முதலில் அந்தக் கடனும் வட்டியும் கழிகின்றன. ஊருக்கு வருவது ஒரு சிறு ஒழுகல். கடன் தீரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இந்தச் சுரைக்காய் ஒருநாள் உதவும், ஆனால் இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அப்போது பிள்ளையாக இருக்காது.

நிலக்காரரின் கதை வேறு. விசிறி நிற்கும் பண்ணையின் உரிமையாளருக்குக் குத்தகையோ வருமானத்தில் ஒரு விகிதமோ ஆரம்பத்திலிருந்தே வருவதுதான் வழக்கம். அவர் ஆடு கீழே மேய்ந்துகொண்டே இருக்கும். அந்த ஆட்டை மேய்க்கும் தொழிலாளி டிரஸ்டின் பயனாளி, அவருக்கு "கடன் தீரட்டும்." கிழக்கு கேப்பில் பண்ணை யாருடையது, வேலை யாருடையது என்பது நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்கு முந்திய வரலாறு எழுதி வைத்தது. காற்றாலை அதை உண்டாக்கவில்லை. ஆனால் அதன் மேல்தான் கோபுரத்தை நட்டிருக்கிறது.

அந்த ஒரு சதவீதச் செலவுப் பணம் மட்டும் உடனே வரத் தொடங்கும். மேலே சொன்ன 42 கோடி யூனிட்டை எடுங்கள். முதல் ஏலத்தில் காற்று மின்சாரத்தின் சராசரி விலை யூனிட்டுக்கு 1.14 ரேண்ட். அந்த விலையில் வருட வருமானம் சுமார் 48 கோடி ரேண்ட். அதில் ஒரு சதவீதம் 48 லட்சம். நான்காவது ஏலத்தில் விலை 62 சென்ட்டாக இறங்கியது. அதே கரண்டு, அதே காற்று, ஒரு சதவீதம் மட்டும் 26 லட்சமாகிவிடுகிறது. ஏலத்தில் விலை விழுந்தால் நாடு முழுக்கக் கைதட்டும்; பக்கத்து ஊரின் பங்கும் கூடவே சுருங்குவதை யாரும் சொல்வதில்லை.

நான் கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) மலபார் பகுதியில் இருக்கிறேன். வான் ஸ்டேடன்ஸ் காற்றாலை பக்கத்தில்தான். எனக்குப் பங்கு வருமா அண்ணா?

வட்டத்துக்குள் இருப்பது வேறு, பயனாளியாக இருப்பது வேறு. வான் ஸ்டேடன்ஸ் சிறியது, 9 விசிறி, 27 மெகாவாட். அதைச் சுற்றி 50 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் பெரும்பகுதி உள்ளே விழுந்துவிடும். பத்து லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு ரொட்டிகூட மிஞ்சாது. அதனால் டிரஸ்ட் ஆவணத்தில் எந்த ஊர், எந்தப் பகுதி என்று குறிப்பார்கள். வசதி குறைந்த குடியிருப்புகளுக்கு முன்னுரிமை. அந்த ஆவணத்தைப் பார்க்கக் கேளுங்கள். உங்கள் பகுதி அதில் இல்லை என்றால் இல்லை.

எதிர்ப்பக்கம் லோரிஸ்ஃபோன்டெய்ன். சில ஆயிரம் பேர் வாழும் கரூ ஊர். இரண்டு பெரிய காற்றாலைகளின் சமூகப் பணமும் அங்கே வருகிறது. வட்டத்தின் மையம் எங்கே விழுகிறது என்பதே ஓர் ஊரின் அதிர்ஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. வறுமை எங்கே அதிகம் என்று பார்த்து யாரும் காற்றாலை வைப்பதில்லை, காற்று எங்கே என்று பார்த்துத்தான் வைக்கிறார்கள். 50 கிலோமீட்டர் விதியில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

டிரஸ்டில் யார் உட்கார்கிறார்கள்? ஊர் ஆள்களா, கம்பெனி ஆள்களா?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி, கேட்கிறவர்களோ குறைவு. பெரும்பாலான டிரஸ்ட்களில் கலவைதான்: ஊர்ப் பிரதிநிதிகள் சிலர், நிறுவனம் நியமித்தவர் ஒருவர், கணக்கோ சட்டமோ தெரிந்த வெளியாள் ஒருவர். வாக்கு எண்ணிக்கையில் ஊர் ஜெயிக்கலாம். ஆனால் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆவணம் எண்பது பக்கம், ஊர்ப் பிரதிநிதி பேசுவது ஆஃப்ரிகான்ஸ் அல்லது கோசா. கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும்: கணக்குப் புத்தகம் யார் கையிலோ அவர்தான் தலைவர், நாற்காலியில் யார் இருந்தாலும்.

டிரஸ்ட் கூட்டம் என்றால் நான் கேட்கச் சொல்வது இரண்டே. கடன் எவ்வளவு பாக்கி, எந்த வருடம் தீரும். போன வருடம் நிர்வாகச் செலவு எவ்வளவு, ஊருக்குப் போனது எவ்வளவு. ஊர்ப் பள்ளியின் குழந்தைகள் பகுதிக்குப் புதுக் கூரை, உதவித்தொகை, நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் என்று படங்கள் நிறைய வரும். படங்கள் நல்லவை. கணக்கு அதைவிட நல்லது.

இன்னொரு கோளாறு, இந்தப் பணம் நகராட்சி வழியாகப் போவதில்லை. ஊழல் பயத்தில் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள், சரிதான். அதன் விளைவு, பக்கத்துப் பக்கத்தில் உள்ள காற்றாலைகள் ஒன்றுக்கொன்று பேசாமல் ஒரே ஊரில் ஆளுக்கொரு பாலர் பள்ளியைக் கட்டலாம். ஊரின் சாக்கடை அப்படியே இருக்கும்.

நாமே சேர்ந்து ஒரு காற்றாலை வாங்க முடியாதா? தமிழ்நாட்டில் ஒரு பஞ்சாயத்து செய்ததே?

செய்தது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒடந்துறை. 2006-ல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. பஞ்சாயத்துச் சேமிப்பு கொஞ்சம், வங்கிக் கடன் மீதி. விசிறி நின்றது ஒடந்துறையில் இல்லை, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உடுமலைப் பக்கம் மைவாடியில், ஏனென்றால் காற்று அங்கேதான். ஊரின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள், அதிலேயே கடனை அடைத்தார்கள். அங்கேயும் கடன்தான், ஆனால் ஐந்து சதவீதத்துக்கு இல்லை, முழு விசிறிக்கு. 50 கிலோமீட்டர் வட்டம் என்ற பேச்சும் இல்லை.

டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடெல்கிரண்டன் என்ற காற்றாலை 2000-த்தில் வந்தது. 20 விசிறி, 40 மெகாவாட். அதில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம்.

இங்கே? சட்டம் இப்போது அவ்வளவு தடையில்லை. தனியார் மின்நிலையத்துக்கு உரிமம் தேவைப்படும் வரம்பை 2021-ல் 100 மெகாவாட்டுக்கு உயர்த்தினார்கள், பிறகு அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆனால் இன்று நடுகிற ஒரு விசிறி 4, 5 மெகாவாட், கோடிக்கணக்கான ரேண்ட். எஸ்கோம் கம்பி வழியாக டர்பனுக்குக் கொண்டுவர ஒப்பந்தம், நகராட்சியோடு இன்னோர் ஒப்பந்தம். நம் சங்கங்களால் இப்போதைக்கு ஆகாது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் கோயில் மண்டபக் கூரையில், தமிழ்ப் பள்ளிக் கூரையில் சோலார் போடுவது நாளைக்கே செய்யக்கூடியது. டர்பனில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கம்பியோடு இணைக்கும் முன் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் இணைத்தால், கரண்டு போன நேரத்தில் கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்கு ஆபத்து.

வீட்டு மாடியில் குட்டி விசிறி வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். வீடுகளுக்கு மேலே காற்று சுழன்று சுழன்று வரும்; விசிறி திசை தேடிக்கொண்டே இருக்கும், சத்தம் வரும், கரண்டு வராது.

இத்தனை காற்றாலை வந்தும் பில் ஏறிக்கொண்டேதானே போகிறது?

ஆமாம், குறையும் என்று நான் சொல்லமாட்டேன். 2023 வாக்கில் நாட்டில் ஓடிய பெரிய காற்றாலைகள் மொத்தம் 3,400 மெகாவாட் சொச்சம். நாட்டின் மின்சாரத்தில் இன்னும் பத்தில் எட்டுப் பங்கு நிலக்கரிதான். எஸ்கோமின் கடன், மெடுபி, குசிலே நிலக்கரி நிலையங்களின் தாமதம் (மெடுபி வேலை 2007-ல் தொடங்கி 2021-ல்தான் முடிந்தது), கம்பித் திருட்டு, நகராட்சி தன் பங்குக்கு வைக்கும் கட்டணம் எல்லாம் அந்த பில்லுக்குள் இருக்கின்றன. விலையைத் தீர்மானிப்பது நெர்சா என்ற ஒழுங்குமுறை ஆணையம்.

முதல் ஏலக் காற்றாலைகள் விலை கூடியவை, உண்மை. அந்த ஒப்பந்தங்கள் பணவீக்கத்தோடு சேர்ந்து 20 வருடம் ஏறும். ஆனால் 2021 ஏலத்தில் காற்று மின்சாரம் 50 சென்ட் வாக்கில் வந்தது. புதிதாகக் கட்டும் எந்த நிலக்கரி நிலையமும் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. மலிவான காலத்தில் நாம் வாங்காமல் இருந்ததுதான் வயிற்றெரிச்சல். நான்காவது ஏலத்தில் வென்றவர்களின் ஒப்பந்தங்களில் எஸ்கோம் கையெழுத்துப் போடாமல் இழுத்தது. 2018 ஏப்ரலில்தான் 27 திட்டங்கள், 5,600 கோடி ரேண்ட் முதலீடு, கையெழுத்தானது. அந்த இடைவெளியில் கெபெர்ஹா பக்கத்துக் கூஹாவில் 2014-ல் திறந்த கோபுரம் செய்யும் தொழிற்சாலை ஆர்டர் இல்லாமல் மூடப்பட்டது. 2023-ல் வருடத்தில் முந்நூறு நாளுக்கு மேல் இருட்டில் உட்கார்ந்தோமே, அப்போது அந்த வருடங்கள் ஞாபகம் வந்தன.

2022-ல் ஆறாவது ஏலம். காற்றாலை ஒன்றுகூடத் தேறவில்லை. காற்று குறைந்துவிடவில்லை, கேப் மாகாணங்களில் எஸ்கோம் கம்பிகளில் இடம் நிரம்பிவிட்டது, இருந்த இடத்தை, அரசு ஏலத்துக்கு வெளியே கம்பெனிகளுக்கு நேரடியாக விற்கும் தனியார் ஒப்பந்தக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். நிலக்கரி கிழக்கே முமலாங்காவில், காற்று தெற்கே. கம்பியோ நிலக்கரிக்காகப் போட்டது.

தனியார் ஒப்பந்தக் காற்றாலைகளிலும் ஊர்ப் பங்கு உண்டா?

கட்டாயம் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2.5 சதவீதம், ஒரு சதவீதம் எல்லாம் அரசு ஏல நிபந்தனைகள். டி ஆர் ஊருக்கு அருகே 89 மெகாவாட் காசில் காற்றாலை சிபான்யே-ஸ்டில்வாட்டர் சுரங்கங்களுக்குக் கரண்டு தருகிறது. அதுபோன்றவற்றில் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பது வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்வது. சிலர் தாராளமாகவே தருகிறார்கள். ஆனால் மனமிருந்தால் தருவதும் சட்டப்படி தருவதும் ஒன்றல்ல. இனி வரும் காற்றாலைகளில் நிறைய இந்த வகைதான்.

பசுமை மின்சாரம் என்றாலே டர்பன் கிளேர் எஸ்டேட்காரர்கள் முகம் சுளிக்கிறார்களே, ஏன்?

பிசாசர் ரோடு குப்பைமேடு. வயதானவர்களைக் கேளுங்கள். நிறவெறிக் காலத்தில், 1980-ல், இந்தியர்கள் குடியிருந்த பகுதியின் நடுவில் திறந்தார்கள். மூடுவோம் என்று சொல்லிச் சொல்லி ஓடவிட்டார்கள். பிறகு குப்பையில் ஊறும் மீத்தேனை எரித்துக் கரண்டு எடுக்கும் திட்டம் வந்தது, சுமார் 6.5 மெகாவாட். உலக வங்கி வழியாகக் கார்பன் பணம் வரும் என்றார்கள். கரண்டு நல்லதுதான், ஆனால் அதற்காகவே குப்பைமேட்டை மூடாமல் வைப்பார்கள் என்று தெருக்காரர்கள் பயந்தார்கள். மேட்டுக்கு எதிரே வாழ்ந்த சஜிதா கான் இதை எதிர்த்து வழக்கு வரை போனார். 2007-ல் புற்றுநோயில் இறந்தார்.

காற்றாலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நிறையவே. புகையில்லாத கரண்டு என்பதால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் வைத்துவிடலாம் என்று ஆகாது. கேப்பில் காற்றாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் உண்டென்றால் அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையின் மூலையில் வரும். போய் உட்காருங்கள்.

பறவைகள் சாகின்றனவாமே?

சாகின்றன. கருப்புப் பூனைப்பருந்து, கேப் பிணந்தின்னிக் கழுகு போன்ற அரிய இனங்களும் அடிபடுவதுதான் கவலை. இடத்தேர்வுதான் முதல் மருந்து. சில காற்றாலைகளில் பறவை பார்க்கும் ஆள்களை நிறுத்தி, பெரிய பறவை நெருங்கினால் அந்த விசிறியை மட்டும் நிறுத்துகிறார்கள். நார்வேயில் ஒரு இறக்கையைக் கறுப்பாக்கிப் பார்த்தபோது சாவு வெகுவாகக் குறைந்தது. இங்கே ஹோப்ஃபீல்டில் சில விசிறிகளின் இறக்கையில் சிவப்புப் பட்டை அடித்துச் சோதிக்கிறார்கள்.

பையன் எலக்ட்ரிகல் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். காற்றாலையில் வேலை கிடைக்குமா?

கட்டும்போது ஆயிரம் பேர், ஓடும்போது விரல்விட்டு எண்ணலாம். அந்தச் சிலருக்கு நல்ல சம்பளம். கேப் டவுனில் பெல்வில்லில் கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சாரெட்டெக் மையம் காற்றாலைப் பராமரிப்புப் படிப்பு நடத்துகிறது. பையனுக்கு உயரம் பயமா என்று முதலில் கேளுங்கள். 80 மீட்டர் ஏணி, மழையில் வழுக்கும் கையுறை, மேலே காற்றில் ஆடும் பெட்டிக்குள் முழு நாள். ஊர் விட்டு ஊர் போகவும் வேண்டும். சொந்தக் கட்டில், அம்மா சாப்பாடு வேண்டும் என்றால் டர்பனில் சோலார் பொருத்தும் வேலையே மேல்.

வாட்ஸப்பில் "காற்றாலைப் பங்கு, மாதம் 10 சதவீதம்" என்று வந்தது மாமா. போடலாமா?

போடாதே. எந்தக் காற்றாலையும் மாதம் பத்து சதவீதம் தராது. நேர்வழியில் காற்றாலைப் பங்கு பெரும்பாலும் பெரிய நிதிகளிடம்தான் இருக்கிறது. ஓல்ட் மியூச்சுவல் என்ற நிதி நிறுவனத்தின் ஐடியாஸ் நிதி அவற்றில் ஒன்று. உன் ஓய்வூதியப் பணம் எந்த நிதியில் இருக்கிறது என்று பார். ஏற்கெனவே உன் காசு எங்கோ ஒரு கோபுரத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

20 வருடம் முடிந்தால் என்ன ஆகும்?

2014-ல் ஓடத் தொடங்கியவற்றின் ஒப்பந்தம் 2034-ல் முடிகிறது. டிரஸ்ட் கடன் அதற்குச் சில வருடம் முன்புதான் தீர்ந்திருக்கும். கை நிறையப் பங்கு கிடைக்கும் நேரத்தில் எஸ்கோமின் உறுதியான விலை போய்விடும். அப்புறம் சந்தை விலை. கோபுரத்தில் உயிர் இன்னும் பாக்கி இருக்கும். பழைய விசிறியைக் கழற்றிப் பெரியதாக மாற்றலாம், அதற்குப் புதுக் கடன், புது ஏலம். அப்போது ஊர் டிரஸ்ட் மறுபடி கடனாளியாக உட்காருமா, அல்லது கடன் தீர்ந்த பங்குக்காரராக மேசைக்கு வருமா என்பது 2034-க்கு முன்பே எழுதி வைக்கப்பட வேண்டிய விஷயம். பல டிரஸ்ட் ஆவணங்களில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது என்பது என் சந்தேகம். இரும்புக் கோபுரத்தைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். கண்ணாடி இழையால் ஆன இறக்கையை யாரும் எளிதில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கழற்றும் செலவு யாருடையது என்பதும் இப்போதே கேட்க வேண்டியது.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். கெபெர்ஹாவிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் மேற்கே போங்கள். வான் ஸ்டேடன்ஸ் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் ஜெஃப்ரீஸ் பேக்கும் ஹியூமன்ஸ்டார்ப்புக்கும் இடையே இரு பக்கமும் தெரியும். வேலிக்குள் போக முன்அனுமதி வேண்டும். பள்ளிக் குழுக்களை அழைத்துப்போக விரும்பினால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். மூடிய ஷூ கட்டாயம், வேட்டி சேலையோடு உள்ளே விடமாட்டார்கள்.